கருவைச் சுமந்தவள் – ஒரு வரலாற்று நோக்கு

ஈன்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் ஒருத்தி எனத் தாய்மையை இருவகையாகக் கண்டது தமிழ் அகமரபு. ஈன்றவளை நற்றாய் என்றும், பாலூட்டிச் சீராட்டி உடனிருந்து வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் அது வழங்கிற்று. தலைவி உடன்போக்கில் சென்றபின் மனையிலிருந்து வருந்திப் பேசும் உரிமையை நம் புலவர்கள் இருவருக்குமே அளித்தனர். பெறாத செவிலியின் கண்ணீர் பெற்றவளின் கண்ணீருக்குக் குறைந்ததன்று என்பது அவர்தம் துணிபு.

ஆயின் அப்புலவர்களும் எண்ணியிராத மூன்றாவது பிரிவு ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ அறிவியல் தோற்றுவித்தது. சினைமுட்டை தந்தவள் ஒருத்தி. அதிலிருந்து உருவான கருவைத் தன் வயிற்றில் சுமந்து பெற்றவள் மற்றொருத்தி. தன் மகவென ஏற்று வளர்ப்பவள் வேறொருத்தி. மூவருள் தாயெனப்படுபவள் யார்? இவ்வினா கற்பனைக் கதைக்குரியதன்று. இந்தியாவின் நீதிமன்றங்கள் விடைகாண இயலாது தவித்த வினா. நாடாளுமன்றம் பல்லாண்டுகள் ஆராய்ந்து சட்டமியற்றிய வினா.

இவ்வரலாறு நிகழ்ந்த இடங்களும் நமக்கு அயலானவை அல்ல. கல்கத்தா, பம்பாய், குஜராத், தில்லி எனப் பிழைப்பை நாடித் தமிழர் குடியேறி வாழும் ஊர்களிலேதான் இதன் இயல்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. அவற்றை நிரல்பட நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். குழந்தை யாருக்கு உரியது என்ற வினாவை அனைவரும் எழுப்பினர். சுமந்தவளுக்கு உரியது யாது என்ற வினா எப்பொழுதும் இறுதியாகவே எழுந்தது. பல வேளைகளில் எழாமலே போயிற்று.

கல்கத்தாவில் ஒரு தொடக்கம்

உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 சூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டம் நகர மருத்துவமனையில் பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்சு, பாட்ரிக் இசுடெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் நெடுநாள் உழைப்பின் பயன் அது. அதன்பின் எழுபதாம் நாளில், 1978 அக்டோபர் 3-ஆம் நாள், கல்கத்தா மாநகரில் அத்தகைய இரண்டாவது குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலத்தில் தோன்றிய அப்பெண் மகவு துர்கா என்றே அறியப்படலாயிற்று. இதனை நிகழ்த்தியவர் டாக்டர் சுபாசு முகோபாத்யாய. அவருக்குத் துணை நின்றவர் இருவர்: உறைநிலை நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜி, மகளிர் மருத்துவ வல்லுநர் சரோஜ் காந்தி பட்டாசார்யா.

முகோபாத்யாய கையாண்ட முறை இங்கிலாந்தில் கையாளப்பட்டதினின்றும் வேறானது. எட்வர்ட்சு குழுவினர் இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையையே பயன்படுத்தினர். முகோபாத்யாயவோ ஊக்கிநீர் மருந்தளித்துப் பல முட்டைகளை முதிரச் செய்தார். வயிற்றைத் துளைக்காமல் பிறப்புறுப்பின் வழியாகவே அவற்றை எடுத்தார். உருவான கருவை 53 நாள் உறைநிலையில் காத்து, உடல் ஏற்றுக்கொள்ளத்தக்க மற்றொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்தார். உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்த செய்தியை மேலைநாடுகள் 1984-இல்தான் ஆத்திரேலியாவிலிருந்து கேட்டன. இன்று உலகெங்கும் மகப்பேற்று மருத்துவ நிலையங்களில் நாள்தோறும் நிகழ்வது பெரிதும் முகோபாத்யாய சென்ற வழியே.

அவருக்குக் கிட்டிய கைம்மாறு யாது? மாநில அரசு 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இத்துறையில் ஆய்வு செய்து பழகியவர் எவரும் அக்குழுவில் இலர். குழு அவர் கூற்றை நம்பத்தக்கதன்று எனத் தள்ளிற்று. சப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்று அங்குச் சென்று தம் ஆய்வை விளக்க அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. 1981-இல் அவர் துறைக்குச் சற்றும் தொடர்பற்ற கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு சூன் 19-ஆம் நாள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு அகவை ஐம்பது. அவர் வாழ்வைத் தழுவி எழுந்த வங்கப் புதினம் ஒன்றிலிருந்து தபன் சின்கா 1990-இல் எடுத்த இந்தித் திரைப்படத்தை அன்பர்கள் சிலர் கண்டிருக்கக் கூடும்.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது மற்றொன்று உண்டு. முகோபாத்யாய தம் வெற்றியை மெய்ப்பிக்க இயலாமற் போனதற்கு அரசு அலுவலர் மட்டும் காரணர் அல்லர். ஊர்வாய்க்கு அஞ்சிய பெற்றோர் தம் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை. பிள்ளையில்லாக் குறை பழிக்குரியதாயிருந்தது. அக்குறையை மருத்துவத்தால் நீக்கிக்கொண்டதும் பழிக்குரியதாகவே எண்ணப்பட்டது. துர்கா தம் இருபத்தைந்தாம் பிறந்த நாளில்தான் உலகின்முன் வெளிப்பட்டார். நம் மொழியிலும் 'மலடி' என்னும் வன்சொல்லைப் பெண்ணுக்கென்றே ஆக்கி வைத்தோம். ஆண்பால் வழக்கில் அச்சொல் அவ்வளவாக வழங்கவில்லை. மகப்பேறு வாய்க்காத இணையரில் ஏறத்தாழப் பாதியிடத்து ஆணின் குறையும் பங்கு கொள்கிறது என்பது மருத்துவம் அறுதியிட்ட உண்மை. வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இக்குறையை எதிர்கொள்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் அறிவித்தது. இத்துணைப் பேருக்கு நேரும் ஒன்றை ஒருத்தியின் தலையில் மட்டும் பழியாகச் சுமத்தியது சமுதாயம் செய்த முதற் பிழை.

பம்பாயும் சென்னையும்

1986 ஆகத்து 6-ஆம் நாள் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்தது. டி.சி. ஆனந்தகுமார், இந்திரா இந்துஜா ஆகிய இருவரின் முயற்சியால் பிறந்த அக்குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் பதிவாயிற்று. தென்னாட்டில் இம்முறையின் முதல் வெற்றியை டாக்டர் கமலா செல்வராஜ் 1990-இல் சென்னையில் கண்டார்.

1997-இல் ஆனந்தகுமார் கல்கத்தா சென்றபோது முகோபாத்யாயவின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றார். படித்து முடித்தவர், இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் தாமல்லர், மறைந்த முகோபாத்யாயவே என்று அறிவியல் இதழில் எழுதினார். தமக்குரியதாக நாடே ஏற்றுக்கொண்டிருந்த புகழைத் தம் கையாலேயே பிறருக்கு எடுத்துக் கொடுத்தல் எளிய செயலன்று. நெறி என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

கருவை வெளியே உருவாக்க முடியும் என்றான பின்னர், அதனை எவள் வயிற்றிலும் வைக்க முடியும் என்பது அடுத்த படி. கருப்பை இல்லாத பெண்ணும், கருவைத் தாங்க வலுவற்ற பெண்ணும் தம் முட்டையிலிருந்தே குழந்தை பெற அது வழி திறந்தது. இந்தியாவில் இம்முறையில் முதற் குழந்தை 1994-இல் சென்னையில் பிறந்ததாகக் குறிக்கப்படுகிறது. மருத்துவம் இவ்வாறு விரைந்து நடக்க, சட்டம் வாயிற்படியைத் தாண்டாது நின்றது.

ஆனந்த் நகரின் இருமுகம்

பால் கூட்டுறவால் உலகப் புகழ்பெற்ற ஊர் குஜராத்தின் ஆனந்த். 2004-இல் அவ்வூரில் ஒரு தாய், இங்கிலாந்தில் வாழ்ந்த தன் மகளுக்காக இரட்டையரைச் சுமந்து பெற்றார். பெற்ற பேரக்குழந்தைகளை மகளின் கையில் ஒப்படைத்தார். தாயன்பின் இப்பெருஞ்செயல் செய்தியாகப் பரவிற்று. அதன்பின் அவ்வூர் மருத்துவமனையை நாடிப் பல நாட்டவரும் வரலாயினர். சில ஆண்டுகளில் ஆனந்த் வாடகைத்தாய் முறையின் தலைநகர் எனப் பெயர் பெற்றது.

மகளுக்காகத் தாய் சுமந்ததில் தொடங்கியது, முன்பின் அறியாத அயல்நாட்டினருக்காக ஏழைப் பெண்கள் கூலிக்குச் சுமப்பதாக வளர்ந்தது. அமெரிக்காவில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே இங்கு ஆனமையால் வருவோர் தொகை பெருகிற்று. சுமக்கும் பெண்கள் கருவுற்ற காலம் முழுதும் தம் கணவனையும் பிள்ளைகளையும் பிரிந்து தனி விடுதிகளில் தங்க வைக்கப்பட்டனர். வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் பல்லாண்டு உழைத்தும் சேர்க்க இயலாத பணம் அவர்களுக்குக் கிடைத்தது. அப்பணத்தால் வீடு கட்டியவரும் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் உண்டு. ஆகவே இதனை வெறுங் கொடுமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் அப்பெண்களின் முடிவையே இழிவு செய்வதாகும்.

ஆயினும் மறுபக்கம் உண்டு. ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதைப் படித்தறிய வல்லவர் அவருள் எத்துணையர்? எத்தனை கரு வைப்பது, எவ்வாறு மகப்பேறு நிகழ்த்துவது என்று முடிவு செய்தவர் யார்? 2012 மே மாதத்தில் அகமதாபாத்தில் அயல்நாட்டினருக்காகச் சுமந்த ஓர் இளந்தாய், பேறுகாலம் நெருங்கிய நிலையில் உயிர் துறந்தார். குறைமாதத்தில் எடுக்கப்பட்ட குழந்தைக்குத் தீவிர மருத்துவம் அளிக்கப்பட்டது. இறந்தவருக்கோ தம் சொந்தப் பிள்ளைகள் இருந்தனர். அத்தகைய பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று உரைக்கும் சட்டம் அந்நாளில் நம் நாட்டில் இல்லை. 2005-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள் இருந்தன. ஆனால் மீறுவோரைத் தண்டிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

தாய் பெயர் இல்லாத சான்று

இச்சட்டமின்மையின் முழுச் சுமையையும் ஒரு பச்சிளங் குழந்தை தாங்க நேர்ந்தது. 2008 சூலை 25-ஆம் நாள் ஆனந்தில் மாஞ்சி என்னும் பெண் குழந்தை பிறந்தது. அதனை வேண்டியவர் சப்பானிய இணையர். முட்டை தந்தவள் பெயர் அறியப்படாத ஒரு பெண். சுமந்தவள் ஆனந்த் பகுதியைச் சார்ந்தவள். குழந்தை பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னர் அவ்விணையர் மணவிலக்குப் பெற்றுவிட்டனர். கணவர் குழந்தையை விரும்பினார். மனைவி வேண்டாமென விலகினார். மூன்று தாயர் இருந்தும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு தாயும் இல்லாத குழந்தையாயிற்று அது.

பிறந்த மறுநாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அச்சத்தால் குழந்தை செய்ப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பேத்தியைக் காக்கப் பாட்டி சப்பானிலிருந்து வந்து சேர்ந்தார். பெற்றவளையே தாயெனக் கொள்ளும் சப்பானியச் சட்டத்தின்படி அது சப்பானியக் குழந்தையன்று. இந்தியச் சட்டமோ தனித்த ஆடவர் பெண் குழந்தையை மகவேற்புச் செய்ய இடங்கொடாது. குழந்தைக் கடத்தல் எனக் குற்றஞ்சாட்டி ஓர் அமைப்பு இராசத்தான் உயர்நீதிமன்றம் சென்றது. வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்து, 2008 செப்டம்பர் 29-இல் தீர்ப்பாயிற்று. குறை இருப்பின் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தை அணுகுக என்று நீதிமன்றம் கூறிற்று. பின்னர்ச் செய்ப்பூர்க் கடவுச்சீட்டு அலுவலகம் ஓர் அடையாளச் சான்று வழங்க, நவம்பர்த் தொடக்கத்தில் அக்குழந்தை சப்பான் சென்றது. அச்சான்றில் நாட்டினமும் குறிக்கப்படவில்லை. தாயின் பெயரும் குறிக்கப்படவில்லை.

அவ்வாண்டிலேயே பிறந்த மற்றோர் இரட்டையர் வழக்கும் எண்ணத்தக்கது. தந்தை செருமானியர், இம்முறையைச் செருமனி ஏற்பதில்லை. ஆகவே குழந்தைகளுக்கு நாடே இல்லாத நிலை. 2009 நவம்பரில் குஜராத் உயர்நீதிமன்றம், பெயரறியா முட்டைக் கொடையாளி தாயாகாள். சுமந்து பெற்றவளே இயற்கைத் தாய். எனவே குழந்தைகள் இந்தியக் குடிமக்கள் என்று கூறிற்று. சுமந்தவளைத் தாயெனப் பெயரிட்டழைத்த அரிய தீர்ப்பு இது. ஆயினும் அவள் வேண்டியதற்காக எழுந்த தீர்ப்பன்று. குழந்தைகள் நாடு கடக்கக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தமையால் எழுந்தது. 2010-இல் அக்குழந்தைகள் மகவேற்பு முறையில் செருமனி சேர்ந்தனர்.

சட்டம் வந்தது

2009-இல் சட்ட ஆணையம் தன் 228-ஆம் அறிக்கையில் வணிக முறையை விலக்கி, அன்பின் அடிப்படையிலான முறையை மட்டும் ஏற்கலாம் என்றது. 2015-இல் அயல்நாட்டினருக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2016-இல் அறிமுகமான சட்ட முன்வரைவு நாடாளுமன்றக் காலம் முடிந்தமையால் காலாவதியாயிற்று. 2019-இல் மீண்டும் வந்த முன்வரைவு மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குச் சென்றது. நெருங்கிய உறவினளே சுமத்தல் வேண்டும் என்பது அம்முன்வரைவின் விதி. பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு ஆயிரங் கல் தொலைவில் வாழும் நம்மனோர்க்கு இவ்விதியின் இடர்ப்பாடு சொல்லாமலே விளங்கும். உறவினள் என்பதாலேயே மறுக்க இயலாது வீட்டுக்குள் நெருக்கப்படும் இளம் மருமகளின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். விருப்பமுள்ள எந்தப் பெண்ணும் சுமக்கலாம் எனத் தேர்வுக் குழு அதனை மாற்றியது நன்றே.

இரு சட்டங்கள் 2021 டிசம்பரில் நிறைவேறின. ஒன்று மகப்பேற்றுத் துணைமருத்துவ முறைகளை ஒழுங்கு செய்வது. மற்றொன்று வாடகைத்தாய் முறையை ஒழுங்கு செய்வது. பின்னது 2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வேண்டும் இணையருள் மனைவி 23 முதல் 50 அகவையும், கணவர் 26 முதல் 55 அகவையும் உடையராதல் வேண்டும். கைம்பெண், மணவிலக்குப் பெற்றவள் ஆகியோர் 35 முதல் 45 அகவைக்குள் இம்முறையை நாடலாம். சுமப்பவள் மணமானவளாய், தனக்கெனப் பிள்ளை உடையவளாய், 25 முதல் 35 அகவைக்குள் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே சுமக்கலாம். தன் முட்டையைத் தருதல் கூடாது. கரு வைக்கப்படுமுன் தன் இசைவைத் திரும்பப் பெறலாம். மருத்துவச் செலவும் 36 திங்கள் காப்பீடும் அவளுக்கு உண்டு. அதற்குமேல் ஒரு காசும் பெறுதல் ஆகாது. வணிகம் செய்வோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் வரை தண்டமும் விதிக்கப்படலாம். பிறக்கும் குழந்தை வேண்டிய இணையரின் சொந்தக் குழந்தையாகவே கொள்ளப்படும். மாஞ்சிக்கு நேர்ந்தது இனி எக்குழந்தைக்கும் நேராதிருக்க இது அரண்.

குறைகளும் தோன்றாமல் இல்லை. 2023-இல் கொடையாளர் முட்டையையும் விந்தையும் விலக்கிய விதி, மருத்துவச் சான்றின்பேரில் ஒன்றையேனும் கொடையாகப் பெறலாமென 2024-இல் தளர்த்தப்பட்டது. சட்டம் வருமுன்னரே கருவை உறைய வைத்த இணையருக்கு அகவை வரம்பு பொருந்தாது என 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணமே செய்துகொள்ளாத பெண்ணுக்கும் தனித்த ஆடவருக்கும் இச்சட்டத்தில் இடமில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த அவ்வாண்டிலேயே தமிழகத்தைத் தலைகுனிய வைத்த செய்தி ஈரோட்டிலிருந்து வந்தது. பதினாறு அகவைச் சிறுமி ஒருத்தியை, அகவையை மாற்றிய பொய் ஆதார் அட்டையைக் காட்டி, பெற்ற தாயே உடந்தையாகப் பலமுறை முட்டை விற்கச் செய்தனர். கொடையாளிக்கு அகவை 23 முதல் 35 எனவும், வாழ்நாளில் ஒருமுறையே எனவும் சட்டம் வரையறுத்தது ஏன் என்பதை இச்செய்தி உணர்த்தும்.

விடுபட்டவள்

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். சுமந்தவளுக்கு உரியது யாது? வணிகக் காலத்தில் அவள் கூலியாள். ஒப்பந்தம் முடிந்ததும் மறக்கப்பட்டாள். இன்றைய சட்டத்தில் அவள் தியாகி. கைம்மாறு கருதாமல் கொடுப்பவள். மருத்துவர் ஊதியம் பெறுகிறார். வழக்குரைஞர் ஊதியம் பெறுகிறார். ஆய்வகமும் மருந்துக் கடையும் பெறுகின்றன. பத்துத் திங்கள் தன் உடலையே அளித்தவள் மட்டும் பெறுதல் இழுக்கு என்பது எந்நெறி? பணம் பெற்றால் ஏழையைச் சுரண்டும் வணிகமாகும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று, ஆனந்தின் விடுதிகள் அதற்குச் சான்று. ஆயின் ஏழைமையை நீக்காமல் ஊதியத்தை மட்டும் நீக்கினால், இடைநின்றவர் மறைவில் கொடுத்து மறைவில் பறிக்கும் வழியே திறக்கும். சுமப்பவளுக்கு இழந்த வேலையின் ஊதியமும், பேற்றுக்குப் பின் உடல் தேறும்வரை உணவும் ஓய்வும், மனநலத் துணையும் உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். அவற்றை விலை என்று எண்ணாமல் கடன் என்று எண்ணுதல் வேண்டும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. வாடகைத்தாய் வழியே மகவு பெற்ற சென்னைத் துறைமுகப் பெண் ஊழியர் ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டபோது, 2013-இல் நீதியரசர் சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்தில் அதனை வழங்க ஆணையிட்டார். 2024 சூனில் நடுவணரசின் விடுப்பு விதிகள் திருத்தப்பட்டன. வளர்க்கும் தாயோடு சுமக்கும் தாயும் அரசுப் பணியாளராயின் இருவருக்குமே 180 நாள் விடுப்பு உண்டு என்றாயிற்று. சுமந்தவளுக்கும் ஓர் உடல் உண்டு, அதற்கும் ஓய்வு வேண்டும் என்பதை ஓர் அரசு விதி வெளிப்படையாக ஏற்றது சிறிய செய்தியன்று. ஆனால் இம்முறையில் சுமக்க முன்வரும் பெண்களுள் அரசுப் பணியாளர் எத்துணையர் இருக்க முடியும்? மற்றவர்க்கும் அஃது எட்டுதல் வேண்டும்.

தேவகியின் கருவே உரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டுப் பலராமன் பிறந்தான் எனப் புராணம் கூறும். அதனைக் காட்டி இவ்வறிவியல் நம் முன்னோர் அறிந்ததே எனப் பெருமை கொள்வாரும் உளர். கதையை அறிவியலாக்குதல் வேண்டா. நம் இலக்கியத்தில் இதனினும் உயர்ந்த செல்வம் ஒன்று உண்டு. கண்ணனை வளர்த்த யசோதையின் பேற்றைப் பாடினோர் பலர். குலசேகராழ்வாரோ தம் பெருமாள் திருமொழியில், பெற்றும் வளர்க்கப்பெறாத தேவகியின் வாயில் நின்று, அவள் இழந்த தாலாட்டையும் தளர்நடையையும் எண்ணி ஒரு பதிகமே பாடினார். ஊரார் அனைவரும் குழந்தையை நோக்கி நின்றபோது, ஆழ்வார் திரும்பி வெறுங்கையோடு நின்றவளை நோக்கினார்.

செவிலியின் துயருக்கும் தேவகியின் துயருக்கும் செவிசாய்த்த மொழிக்கு உரியவர் நாம். எந்நகரில் வாழினும், பிள்ளையில்லா இணையரைப் பழியாது, மருத்துவத்தால் பிறந்த மகவை வேறாக எண்ணாது, அம்மகவைச் சுமந்தவளை வாடகை என்னும் சொல்லால் சிறுமை செய்யாது வாழக் கற்போமாக. அவளுக்கு நம் மொழியில் தகுந்த பெயர் ஒன்றைத் தேடிக் கொடுத்தலும் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கத்தக்க பணியே.